ஃபோனில் பேசிக் எழுதுவோம்: ஒருவரி ஆட்டமேட்டாவுக்கு நிறம் தீட்டும் செய்முறை

ஒரு வரியில் 160 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. அடுத்த வரியில் ஒரு கட்டம் என்ன ஆகும் என்பதை, அதற்கு நேர்மேலே இருக்கும் கட்டமும் அதன் இடவலப் பக்கத்துக் கட்டங்களும் சேர்ந்து தீர்மானிக்கும். ஒருபரிமாண செல்லுலார் ஆட்டமேட்டா என்பது இவ்வளவுதான். தறியில் துணி இறங்குவதைப் போல வரிவரியாகப் படம் இறங்கும்.

மூன்று கட்டங்கள் என்றால் 8 விதமான சேர்க்கை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் விடை 0 அல்லது 1. ஆக மொத்தம் 256 விதிகள். இயற்பியலாளர் ஸ்டீபன் வுல்ஃப்ரம் 1983-ல் எழுதிய கட்டுரையில் இவற்றுக்கு 0 முதல் 255 வரை எண் கொடுத்தார். இன்றும் அந்த எண்களைச் சொல்லித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

இதற்கு பேசிக் மொழியே போதும். 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும், கணிதம் படிக்காத மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்று உருவாக்கிய மொழி அது. நான் பயன்படுத்துவது பிபிசி பேசிக்கின் எஸ்டிஎல் 2.0 பதிப்பு. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவி, அதனுடன் வரும் எடிட்டரைத் திறந்து புதிய கோப்பு ஒன்றைத் தொடங்குங்கள்.

அடிப்பதற்கு முன் ஒரு விஷயம். கீழே உள்ள வரிகளை வாயால் படிக்கும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஃபோனில் அடிக்கும்போது எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடியுங்கள். சின்ன எழுத்தில் அடித்தால் அது கட்டளை என்று பேசிக்குப் புரியாது. ‘ஜிகோல்’ என்பது ஜி, சி, ஓ, எல் என்ற நான்கே எழுத்து. பெயருக்குப் பின்னால் வரும் % குறி, அது முழு எண் என்று சொல்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

மோட் 8 : ஆஃப்
டிம் ஏ%(159), பி%(159), கே%(159)
ஆர்% = 30
ஏ%(80) = 1
ஃபார் ஒய்% = 0 டு 127
  ஃபார் எக்ஸ்% = 0 டு 159
    ஜிகோல் ஏ%(எக்ஸ்%)
    ரெக்டாங்கிள் ஃபில் எக்ஸ்%*8, 1016-ஒய்%*8, 8, 8
  நெக்ஸ்ட்
  ஃபார் எக்ஸ்% = 0 டு 159
    எல்% = ஏ%((எக்ஸ்%+159) மாட் 160)
    டி% = ஏ%((எக்ஸ்%+1) மாட் 160)
    என்% = எல்%*4 + ஏ%(எக்ஸ்%)*2 + டி%
    பி%(எக்ஸ்%) = (ஆர்% >> என்%) ஆண்ட் 1
    கே%(எக்ஸ்%) = என்%
  நெக்ஸ்ட்
  ஏ%() = பி%()
நெக்ஸ்ட்
வெயிட் 1000

ஓட்டிப் பாருங்கள். கறுப்புத் திரையில் ஒரே நிறத்தில் ஒரு முக்கோணம் விரிந்துகொண்டே இறங்கும். இடப்பக்கம் ஓரளவு ஒழுங்காகவும் வலப்பக்கம் தாறுமாறாகவும் இருந்தால் எல்லாம் சரி. முதல் நான்கு வரிகளை உற்றுப் பார்த்தால் 1, 111, 11001, 1101111 என்று வர வேண்டும். வேறு மாதிரி வந்தால் எல்%, டி% இரண்டும் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறியிருந்தால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திரும்பியிருக்கும்.

இதில் உயிரான வரிகள் இரண்டே. முதலாவது என்% கணக்கு. மூன்று கட்டங்களையும் ஒரு மூவிலக்க இரும எண்ணாகப் படித்து, 0 முதல் 7 வரை ஓர் எண் ஆக்குகிறோம். இரண்டாவது >> குறி உள்ள வரி. 30-ஐ இருமத்தில் எழுதினால் 00011110. வலக்கோடி இலக்கத்தை 0-ஆம் இடம் என்று எண்ணத் தொடங்கினால், 1, 2, 3, 4 ஆகிய இடங்களில் மட்டும் 1 இருக்கிறது. என்% எந்த எண்ணோ அந்த இடத்து இலக்கத்தை அந்த வரி உருவி எடுக்கிறது. விதியின் எண்ணே விதியின் அட்டவணையாகவும் இருப்பது இந்த முறையின் அழகு. 256 விதிகளுக்கும் நிரலில் மாற வேண்டியது ஆர்% மட்டும்தான்.

‘மாட் 160’ என்பது வலக்கோடியை இடக்கோடியோடு ஒட்டிவிடுகிறது. ஓரத்துக் கட்டத்துக்கும் அப்போது பக்கத்துக் கட்டம் கிடைத்துவிடும்.

இனி நிறம். வரிக்கு ஒரு நிறம், தூணுக்கு ஒரு நிறம் என்று பூசினால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒரு கட்டம் எந்தச் சேர்க்கையிலிருந்து பிறந்தது என்பதை நிறம் காட்டினால், கண்ணுக்குத் தெரியாத கணக்கு தெரிய ஆரம்பிக்கும். அதற்காகத்தான் கே% அணியில் (டிம் வரியில் இடம் ஒதுக்கிய எண் வரிசையில்) என்%-ஐச் சேமித்து வைத்தோம். டிம் வரிக்குக் கீழே இந்த நான்கு வரிகளைச் சேருங்கள்:

கலர் 2, 255, 200, 0
கலர் 3, 0, 220, 220
கலர் 4, 240, 80, 160
கலர் 5, 80, 220, 80

ஜிகோல் வரியை இப்படி மாற்றுங்கள்:

இஃப் ஏ%(எக்ஸ்%)=1 தென் ஜிகோல் கே%(எக்ஸ்%)+1 எல்ஸ் ஜிகோல் 0

கலர் வரியில் முதல் எண் நிறத்தின் வரிசை எண். அடுத்த மூன்றும் சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நாம் சொல்லாத நிறங்களுக்குச் செயலியின் வழக்கமான நிறங்களே வரும்.

இப்போது விதி 30-ஐ ஓட்டுங்கள். முக்கோணத்தின் இடக்கரை முழுக்க மஞ்சள். ஏனென்றால் அங்கே எப்போதும் 001 என்ற சேர்க்கையிலிருந்துதான் கட்டம் பிறக்கிறது. வலக்கரை முழுக்கப் பச்சை, அது 100. நடுவில் நான்கு நிறங்களும் கலந்து கிடக்கும். இந்த விதியின் நடுத்தூணைப் பற்றி மட்டுமே மூன்று கேள்விகள் கேட்டு, விடை சொல்பவர்களுக்கு மொத்தம் 30,000 டாலர் பரிசு என்று 2019-ல் வுல்ஃப்ரம் அறிவித்தார். அந்தத் தூண் என்றாவது ஒரே கோலத்தில் திரும்பத் திரும்ப வரத் தொடங்குமா என்பது முதல் கேள்வி. உங்கள் திரையில் எக்ஸ்% 80-ல் நேராக இறங்குவதுதான் அந்தத் தூண்.

அடுத்து ஆர்% = 90. முக்கோணத்துக்குள் முக்கோணமாக அடுக்கும் சியர்பின்ஸ்கி வடிவம் வரும். 90-ன் இருமம் 01011010, அதில் நான்கு 1-கள். ஆகவே நான்கு நிறம் வர வேண்டும். ஆனால் முதல் புள்ளியை விட்டால் திரையில் மஞ்சளும் பச்சையும் மட்டுமே. ஒற்றைப் புள்ளியில் தொடங்கினால் உயிருள்ள, அதாவது 1 உள்ள, கட்டங்கள் சதுரங்கப் பலகையின் ஒரே நிறக் கட்டங்களில் மட்டும் விழுகின்றன. அதனால் பிறக்கும் கட்டத்துக்கு நேர்மேலே எப்போதும் 0. நடுவில் 1 உள்ள 011, 110 ஆகியவை தலைகாட்டவே முடியாது. கறுப்பு வெள்ளையில் நூறு முறை பார்த்தாலும் இது கண்ணில் படாது. 80-ஆம் வரியையும் கவனியுங்கள். இரண்டு கரைகளும் திரையின் ஓரத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். மாட் 160 செய்த வேலை அது.

ஏ%(80) = 1 என்ற வரியை எடுத்துவிட்டு, சீரற்ற தொடக்கம் கொடுங்கள்:

ஃபார் எக்ஸ்% = 0 டு 159 : ஏ%(எக்ஸ்%) = ஆர்என்டி(2)-1 : நெக்ஸ்ட்

காணாமல் போன இரண்டு நிறங்களும் உடனே வந்துவிடும். இதே தொடக்கத்தோடு 184, 110 இரண்டையும் பாருங்கள். 184-ல் ஒவ்வொரு 1-உம் சாலையில் போகும் ஒரு வண்டி. முன்னால் இடம் இருந்தால் ஓர் அடி நகரும், இல்லாவிட்டால் நிற்கும். நெரிசல் பின்னோக்கி நகர்வதைத் திரையிலேயே காணலாம். 110 அதைவிடப் பெரிய ஆச்சரியம். ஒரு கணினியால் செய்ய முடிந்த எந்தக் கணக்கையும் இந்த விதியால் செய்ய முடியும் என்று மாத்யூ குக் நிறுவினார். அந்த நிரூபணம் 2004-ல் வெளியானது.

கடைசிப் படி, கட்டத்துக்கே மூன்று நிலை: 0, 1, 2. இங்கே சேர்க்கையைப் பார்க்காமல் மூன்றின் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்போம். தொகை 0 முதல் 6 வரை, ஏழு விடைகள், ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்று. ஆக 2187 விதிகள். ஆர்% = 777 என்று மாற்றி, சீரற்ற தொடக்கத்தை எடுத்துவிட்டு ஏ%(80) = 1 என்பதைத் திரும்பப் போடுங்கள். ஆர்% வரிக்குக் கீழே இதைச் சேருங்கள்:

டிம் டி%(6) : க்யூ% = ஆர்%
ஃபார் ஐ% = 0 டு 6 : டி%(ஐ%) = க்யூ% மாட் 3 : க்யூ% = க்யூ% டிவ் 3 : நெக்ஸ்ட்

என்% வரியில் பெருக்கல்களை நீக்கி மூன்றையும் வெறுமனே கூட்டுங்கள். பி% வரி இனி பி%(எக்ஸ்%) = டி%(என்%). பேசிக்கில் டி% என்ற தனி எண்ணும் டி%() என்ற அணியும் வேறு வேறு, மோதாது. ஜிகோல் வரி பழையபடி: ஜிகோல் ஏ%(எக்ஸ்%). நிறம் 1-க்கும் ஒரு கலர் வரி கொடுத்துவிடுங்கள். முதல் வரிகள் 1, 111, 12121, 1100011 என்று வந்தால் நிரல் சரி.

பிறகு எண்ணைப் பேசிக்கே தேர்ந்தெடுக்கட்டும்: ஆர்% = (ஆர்என்டி(729)-1)*3. மூன்றின் மடங்காக எடுப்பதற்குக் காரணம் உண்டு. அப்போது டி%(0) எப்போதும் 0, பின்னணி கறுப்பாகவே நிற்கும். வெயிட் வரிக்கு முன் பிரிண்ட் டேப்(0,0) ஆர்% என்று சேர்த்தால் விதியின் எண் மூலையில் தெரியும். பிடித்த படம் வந்தால் எண்ணோடு சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.