கை நழுவிய கேஸல்: பழைய கார் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஆரணிக்கு அருகே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மாட்டுக்கொட்டகையில் வெளிர்நீல ஸ்டாண்டர்டு கேஸல் கார் ஒன்றைப் பார்த்தேன். கூரையில் வைக்கோல் தூசி படிந்திருந்தது. நான்கு சக்கரங்களிலும் காற்றில்லை. ஆனால் கதவைச் சாத்தியபோது ஒரே ஒலியில் கச்சிதமாகப் பொருந்தியது, தரைத்தகட்டில் ஓட்டை இல்லை, ஆர்.சி. புத்தகத்தையும் வரி கட்டிய சீட்டுகளையும் பெரியவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். இன்ஜின் சுழலவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, "பிறகு வருகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அடுத்த பொங்கலுக்குப் போனபோது கொட்டகை காலியாக இருந்தது. காயலான் கடைக்காரர் வண்டியை எடைக்கு எடுத்துப் போயிருந்தார்.

இன்ஜினைப் பார்த்து வண்டியை மதிப்பிட்டதுதான் அன்று நான் செய்த தவறு; இன்றும் பலர் செய்வது அதைத்தான். சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டும், அதன் வழியில் 1970களில் வந்த கேஸலும் 948 சி.சி. இன்ஜினைக் கொண்டவை. பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டு காரிலும் அதே இன்ஜின் இருந்ததால், அதற்கான பிஸ்டன், பேரிங், கேஸ்கட் போன்றவற்றை இன்றும் அங்கிருந்து வரவழைக்க முடியும். உடற்பகுதியின் கதை வேறு. பிரிட்டனில் ஹெரால்டு இரண்டு கதவு வண்டியாகவே விற்றது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவானது. எனவே அதன் பின்கதவு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டால், அதே போன்ற இன்னொரு வண்டியிலிருந்து கழற்றித்தான் பொருத்த வேண்டும். கேஸலின் முன்பக்க கிரில், விளக்குக் கண்ணாடி, குரோம் பட்டை ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். ஓடாத வண்டி முழுமையாகக் கிடைத்தால் வாங்கலாம். ஓடுகிற வண்டியானாலும் உறுப்புகள் குறைந்திருந்தால் நூறு முறை யோசிக்க வேண்டும்.

அந்த ஏக்கத்தில் சில ஆண்டுகள் கழித்து அவசரமாக ஒரு பிரீமியர் பத்மினி காரை வாங்கி, எதிர்ப்பக்கத் தவறையும் செய்தேன். புதுப் பெயிண்ட் பளபளத்தது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் கதவின் அடிவிளிம்பில் கொப்புளம் கிளம்பியது. டிங்கரிங் செய்பவர் சுத்தியலின் பின்முனையால் தட்டியதும் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி விரல் கனத்துக்குப் பெயர்ந்து விழுந்தது, அதன் பின்னால் தகடே இல்லை. அன்று முதல் வண்டி பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்கிறேன். சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, முன்விளக்கைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் நழுவி விழும். பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடற்கூடே வண்டியின் எலும்பு. ஆகவே அவற்றின் தரைத்தகடும் அடிவிளிம்பும் அரித்திருந்தால் அது வெறும் அழகுக் குறை ஆகாது. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு என்றாலும், அந்தச் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகளைக் குனிந்து, விளக்கடித்துப் பார்த்தே தீர வேண்டும். கடற்கரை ஊரில் கிடந்த வண்டிக்கு இந்தச் சோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்வது நல்லது.

காகிதங்களை அலட்சியப்படுத்துவதை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. பதிவு தாத்தாவின் பெயரிலேயே இருக்க, பேரன் வந்து விற்பது நம் ஊரில் சாதாரணம். அப்படியானால் முதலில் அவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றிக்கொண்ட பின்னரே, வழக்கமான 29, 30 படிவங்களில் நமக்கு மாற்ற முடியும். வேறு மாநில வண்டியென்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று தேவை. எப்போதோ வாங்கி அடைத்த கடன் ஆர்.சி.யில் இன்னும் நீக்கப்படாமல் இருக்கலாம், அதையும் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் துருவைத் துடைத்து, சொந்தக் கண்ணால் படித்து, புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பத்மினிகளிலும் அம்பாசடர்களிலும் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் போட்டவர்கள் ஏராளம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் பதியப்படவில்லை என்றால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-இல் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், காலம் 10 ஆண்டு. இந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போக விரும்புபவர், நடப்பிலுள்ள சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போவதே நல்லது.

வாங்கிய அன்றே புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகுவது, இதுவரை பிழைத்திருந்த இன்ஜினைக் கொல்லும் வழி. பல ஆண்டு நின்ற இன்ஜினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது இன்ஜின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, பிறகு கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். டேங்கில் கெட்டுப்போன பெட்ரோலை வடித்துவிட்டு, பெட்ரோல் குழாய்களை 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பழைய ரப்பர் அதில் ஊறி இளகிவிடும், சூடான இன்ஜினுக்கு அருகே பெட்ரோல் கசிவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இன்ஜின் ஓடத் தொடங்கினாலும் பிரேக் வேலை முடியாமல் வாசலைத் தாண்டாதீர்கள். டயரில் பூ தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் பக்கவாட்டிலுள்ள நான்கிலக்க எண்ணையும் படியுங்கள். 2315 என்றிருந்தால் அது 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது.

விலை இறங்கும் என்று காத்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது; அது நாடெங்கும் ஓடியதால் இன்னும் தேடினால் கிடைக்கிறது. கான்டெஸா காரின் உற்பத்தி 2002-லேயே நின்றுபோனது. அதிலும் இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் பொருத்திய கான்டெஸா கிளாசிக்கைத்தான் ஆர்வலர்கள் அதிகம் தேடுகிறார்கள். 1983 டிசம்பரில் வெளிவந்த முதல் வடிவ மாருதி 800-ஐ நேற்றுவரை யாரும் பழமை என்று கருதவில்லை, அதனாலேயே பெரும்பாலானவை உடைக்கப்பட்டுவிட்டன. இப்படி ஒரு வண்டி முழு உடலோடும் சரியான காகிதத்தோடும் கண்ணில் பட்டால், இன்ஜின் ஓடாவிட்டாலும் அன்றே பேசி முடித்து, ஓர் அட்வான்ஸைக் கொடுத்து, சேஸிஸ் எண்ணைக் குறிப்பிட்டு ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை எடுத்துப்போகும் தேதியையும் அந்த ரசீதிலேயே எழுதிவிட்டு, அதுவரை காயலான் கடைக்காரர் யார் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று அந்த வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.