காந்தா போர்வை வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

நம் ‘கந்தை’யும் வங்காளத்துக் ‘காந்தா’வும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. கட்டிக் கட்டி நைந்த நூல் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, அங்கே பெண்கள் போர்வை தைத்தார்கள். தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் ரன்னிங் ஸ்டிச்தான் அதற்கு, ஊசியை மேலும் கீழுமாக விட்டு எடுத்துக்கொண்டே போகும் நேர்த்தையல். பிள்ளைக்கும் பேரனுக்கும் தைத்த அந்தக் கைவேலைதான் இன்று மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் வங்கதேசத்தின் ஜமால்பூர், ஜெசோர் பக்கத்திலும் நிலமில்லாத எத்தனையோ வீடுகளில் பெண்கள் கையில் காசு புரள வழி.

நான் முதலில் வாங்கியது காந்தாவே இல்லை. கடையில் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து புரட்டினால் அடியில் வெறும் துணி, மேலே தெரிந்த தையல் அத்தனையும் அச்சு! அதனால் முதலில் புரட்டிப் பாருங்கள். கைத்தையல் என்றால் மேலே நூல் தெரியும் இடத்தில் அடியில் இடைவெளி இருக்கும், மேலே இடைவெளி உள்ள இடத்தில் அடியில் நூல் இருக்கும். நீளமும் கொஞ்சம் கூடக்குறைய வரும். இடைவெளியே இல்லாமல் ஒரே கோடாக ஓடினால் அது மெஷின் தையல்.

அடுத்தது பேரம். “பழைய துணிதானே, இவ்வளவா?” என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 90 அங்குல அகலம், 108 அங்குல நீளமுள்ள விரிப்பில் கால் அங்குலத்துக்கு ஒரு வரி தைத்தால் 432 வரிகள். சேர்த்தால் ஏறக்குறைய 990 மீட்டர். அங்குலத்துக்கு ஐந்து தையல் என்றாலும் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தைத் தாண்டும். தைப்பவருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, ஒரு விரிப்புக்கு இவ்வளவு என்று கூலிதான். நாம் குறைக்கும் ஐந்நூறு ரூபாய் கடைசியில் யார் தலையில் விடியும்?

தையல் இழுப்பதால் துணியில் அலை அலையாகச் சுருக்கம் விழும். அதுதான் காந்தாவின் அழகு. அதைக் குறையென்று திருப்பி அனுப்பாதீர்கள்.

தீபாவளிப் பரிசுக்கு ஐம்பது போர்வை, இருபது நாளில் வேண்டும் என்று நெருக்குவதும் தவறு. சமையலும் வயல்வேலையும் முடிந்த பிறகுதான் அவர்கள் ஊசியைத் தொடுகிறார்கள். மாதக்கணக்கில் முன்னதாகச் சொல்லுங்கள், முன்பணமும் கொடுங்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது, ‘பாவம், ஏழைப் பெண்கள்’ என்று வாங்குவது. இந்தக் கலைக்காக 2023இல் பிரீதிகணா கோஸ்வாமியும் 2024இல் தக்தீரா பேகமும் பத்மஸ்ரீ பெற்றார்கள். தையல் பிடித்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் எங்கே பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். இரக்கப்பட்டு வாங்குபவர் ஒருமுறைதான் வருவார், வேலையை ரசித்தவர் திரும்ப வருவார்.

துவைக்கும்போதும் கவனம் வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னார்கள், இதை மட்டும் கசக்க வேண்டாம். முதல் தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். சிவப்பு நூல் சாயம் விடலாம். முறுக்கிப் பிழியவும் கூடாது. ஈரத்தில் கனம் ஏறி ஒற்றைக் கொடியில் நூல் இழுபடும். கயிற்றுக் கட்டிலில் விரித்து, நிழலில் காயவிடுங்கள்.