காலையில் காடு, மாலையில் கால்வாய்: ட்ரிங்கிலிருந்து பெர்க்கம்ஸ்டெட் வரை ஒரு பகல் நடை

லண்டனுக்கு வடமேற்கே ஹார்ட்ஃபர்ட்ஷயரில், சில்டர்ன் குன்றுகளின் மேல் ஆஷ்ரிட்ஜ் காடு இருக்கிறது. அதன் அடிவாரப் பள்ளத்தாக்கில் கிராண்ட் யூனியன் கால்வாய் ஓடுகிறது. இரண்டையும் ஒரே நாளில், மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் நடந்து பார்த்துவிடலாம். காட்டைக் காலையிலும் கால்வாயை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் ஏற்றமும் உண்டு, வழி தவறவும் இடமுண்டு. ஆகவே கால் ஓயாத வேளையில் அதை முடித்துவிடுவது நல்லது. கால்வாய்க் கரையில் வழி தேடும் வேலையே இல்லை, பாதையும் போகப்போக இறங்கிக்கொண்டே செல்லும்.

யூஸ்டன் நிலையத்திலிருந்து ட்ரிங்குக்கு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். சில வண்டிகள் ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோனில் நிற்பதால், ஹாரோ, வெம்ப்ளி பக்கம் வாழும் தமிழர்கள் யூஸ்டனுக்குப் போகாமலேயே ஏறிக்கொள்ளலாம். ஒய்ஸ்டர் அட்டை வாட்ஃபோர்ட் ஜங்ஷனோடு நின்றுவிடும் என்பதால், ட்ரிங் வரை சீட்டு எடுத்துவிட வேண்டும். திரும்புவது பெர்க்கம்ஸ்டெட்டிலிருந்து, அது லண்டன் திசையில் அடுத்த நிலையம்தான். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 181ஆம் எண் வரைபடத்தில் இந்த நடை முழுவதும் அடங்கும். அதில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். நடைபாதைகள் பச்சைக் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். தரையில் மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கும், நீல அம்புக்குறி குதிரையிலும் சைக்கிளிலும் வருபவர்களுக்கும் சேர்த்து உரிய வழியைக் காட்டும்.

ட்ரிங் நிலையம் ட்ரிங் ஊரில் இல்லை. ஊர் மேற்கே 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நீங்கள் போக வேண்டியது எதிர்த்திசையில், கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஆல்ட்பரி கிராமத்துக்கு. அங்கே குளக்கரையில், குற்றவாளிகளின் காலை மாட்டிவைத்த பழைய மரத்தொழு இன்னும் நிற்கிறது. கிராமத்தின் பின்புறம் தொடங்கும் செங்குத்தான காட்டுப்பாதைதான் நாளின் ஒரே கடுமையான ஏற்றம். நின்று மூச்சு வாங்கி ஏறினாலும் அரை மணி நேரத்தில் மேலே வந்துவிடலாம்.

மேலே மரங்களுக்கு நடுவே உயரமான கல்தூண் ஒன்று எழுந்து நிற்கிறது. பிரிட்ஜ்வாட்டர் பிரபு ஃபிரான்சிஸ் எகர்டனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்டது அது. தம் சுரங்க நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக அவர் வெட்டிய கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. அதில் கிடைத்த லாபத்தைக் கண்டுதான் இங்கிலாந்து முழுவதும் கால்வாய் வெட்டும் வேகம் பிறந்தது. 'கால்வாய்ப் பிரபு' என்று பேர் வாங்கிய அவருக்குச் சொந்தமாக இருந்ததுதான் இந்த ஆஷ்ரிட்ஜ். இந்தக் காட்டையும் கீழே ஓடும் கால்வாயையும் ஒரே நடையில் சேர்ப்பதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டியதில்லை. அனுமதி உள்ள நாட்களில் கட்டணம் செலுத்தி, சுமார் 170 படிகள் ஏறித் தூணின் உச்சிக்கும் போகலாம்.

தூணருகே நேஷனல் டிரஸ்டின் தேநீர்க்கடையும் கழிப்பறையும் உண்டு. அங்கிருந்து வடக்கே செல்லும் டன்கோம்ப் டெரஸ் என்ற பாதை, குன்றின் விளிம்பை ஒட்டி ஏற்ற இறக்கமின்றிப் போவதால் குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்களுக்கு ஏற்றது. ஒன்றரை கிலோமீட்டர் போய், வந்த வழியே திரும்பினால் போதும். மான் நிறைய உலவும் காடு என்பதால் உண்ணிகளும் இருக்கும். லைம் நோயைப் பரப்புவது அவைதான். எனவே முழுக்கால் சட்டை அணிந்து போய், வீடு திரும்பியதும் காலையும் முழங்காலின் பின்புறத்தையும் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் இங்கே சேறு களிமண்ணாக ஒட்டும். ஒரு பிப்ரவரியில் சாதாரணத் துணிக்காலணியோடு போன நான், ஒற்றைக் காலணியைச் சேற்றிலிருந்து கையால் பிடுங்கி எடுத்தேன்.

இங்கிலாந்தில் குறைந்தது 1600ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் காடாகவே இருந்துவரும் நிலத்தைத்தான் தொன்மையான காடு என்று வகைப்படுத்துகிறார்கள். அதற்கு முன்பு காடு வளர்ப்பதற்கென்று மரம் நடும் வழக்கம் அரிது. ஆகவே அன்று காடாக இருந்தது அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே காடாக இருந்திருக்கும் என்பது கணக்கு. மரத்தின் பருமனைப் பார்த்து இதை முடிவுசெய்ய முடியாது. குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். புளூபெல், வெள்ளைக் காட்டு அனிமோன், கசக்கினால் பூண்டு மணக்கும் காட்டுப்பூண்டு ஆகியவை மிக மெதுவாகப் பரவும் செடிகள். அவை கூட்டமாகத் தென்பட்டால் அந்த மண் நெடுங்காலமாக உழப்படாதது என்று ஊகிக்கலாம்.

ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே தொடக்கம் வரை, பீச் மரங்கள் முழுக்க இலைவிட்டு வெளிச்சத்தை மறைப்பதற்கு முன், புளூபெல் பூத்து முடித்துவிடும். உள்நாட்டுப் புளூபெல்லின் தண்டு ஒரு பக்கமாக வளைந்து, மணிகள் அந்தப் பக்கமே தொங்கும். மகரந்தம் பாலேட்டு நிறம். தோட்டங்களிலிருந்து தப்பி வந்த ஸ்பெயின் நாட்டு இனம் நிமிர்ந்து நிற்கும், மகரந்தம் நீலம். படம் எடுப்பதற்காகப் பூக்களுக்குள் இறங்கிவிடாதீர்கள். மிதிபட்ட இலை மீண்டும் எழுவதில்லை; இலை போனால் கிழங்குக்கு உணவில்லை; அந்த இடம் தேற ஆண்டுகள் ஆகும்.

கட்டுச்சோற்றைத் தூணைச் சுற்றியுள்ள புல்வெளியில் முடித்துக்கொண்டு, ஆல்ட்பரி வழியாக நிலையத்துக்கே திரும்புங்கள். நிலையத்தைத் தாண்டி ட்ரிங் சாலையில் சற்று நடந்தால் கால்வாய்ப் பாலம் வரும். அதனருகே கீழிறங்கி, தென்கிழக்கே பெர்க்கம்ஸ்டெட் நோக்கித் திரும்பினால் ஆறரை கிலோமீட்டர் இழுவைப்பாதை. படகோடு கட்டிய கயிற்றைக் குதிரை இழுத்து நடந்த பாதை இது. பழைய பாலங்களின் அடியில் நுழையும்போது வளைவின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்: ஈரமும் மணலும் ஏறிய கயிறு ஆண்டுக்கணக்கில் உரசியதால் விழுந்த பள்ளங்கள் சில இடங்களில் விரல் புதையும் ஆழத்துக்கு இருக்கும்.

கவ்ரோஸ்ட்டில் முதல் லாக் வரும். இரு முனையிலும் கதவு வைத்த இந்தத் தொட்டிக்குள் படகை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ மேலேற்றுவார்கள், கீழிறக்குவார்கள். நீங்கள் அதுவரை நடந்துவந்தது கால்வாயின் உச்சி மட்டம். அதைக் கடக்கும் ஒவ்வொரு படகும் ஏறும் பக்கம் ஒரு தொட்டி, இறங்கும் பக்கம் ஒரு தொட்டி என்று நீரைக் கீழே அனுப்பிவிடும். ஒரு தொட்டி என்பது சுமார் இரண்டரை லட்சம் லிட்டர். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் ட்ரிங்குக்கு அருகே தனியே நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். படகு வந்தால் நின்று பாருங்கள்; கதவைத் தள்ள முதுகு கொடுக்கிறீர்களா என்று படகுக்காரர்களே கேட்பதுண்டு. கேட்காமல் எதையும் தொடக் கூடாது. குழந்தைகளைத் தொட்டியின் விளிம்புக்கு விடவே விடாதீர்கள். சுவர் வழுக்கும், நீர் ஆழம். பாலத்தடியில் பாதை குறுகுவதால், சைக்கிள் மணி கேட்டால் சுவர்ப் பக்கம் ஒதுங்க வேண்டும், நீர்ப் பக்கம் அல்ல.

டட்ஸ்வெல், நார்த்சர்ச் லாக்குகளைத் தாண்டும்போது இடப்புறம் மேட்டில் பெர்க்கம்ஸ்டெட் பொதுநிலம் விரிகிறது. ஆஷ்ரிட்ஜின் அடுத்த உரிமையாளர்களில் ஒருவரான பிரவுன்லோ பிரபு அதை இரும்பு வேலியிட்டு அடைத்தார். 1866 மார்ச்சில் ஓர் இரவு லண்டனிலிருந்து தனி ரயிலில் கூலித் தொழிலாளர்கள் வந்து, நீங்கள் காலையில் இறங்கிய அதே ட்ரிங் நிலையத்தில் இறங்கி, விடிவதற்குள் வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். ஏற்பாடு செய்தவர் அகஸ்டஸ் ஸ்மித் என்ற நிலவுடைமையாளர். பின்னர் நீதிமன்றத் தீர்ப்பும் ஊராருக்கே சாதகமாக அமைந்தது.

மொத்தத்தில் ஏறத்தாழ 14, 15 கிலோமீட்டர். ஓய்வோடு சேர்த்து 6 மணி நேரம் ஒதுக்குங்கள். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். அந்த மாதங்களில் காடு அல்லது கால்வாய், இரண்டில் ஒன்று போதும். பெர்க்கம்ஸ்டெட் நிலையம் கால்வாய்க் கரையிலேயே இருக்கிறது. அதன் மறுபுறம், 1066இல் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த வில்லியமிடம் ஆங்கிலேயப் பிரபுக்கள் பணிந்த ஊரின் கோட்டை, அகழியும் இடிந்த மதிலுமாகக் கிடக்கிறது. நுழையக் கட்டணம் இல்லை. நேரமாகி வாயில் அடைத்திருந்தாலும், ரயிலுக்குக் காத்திருக்கும் நடைமேடையிலிருந்தே மதில்களைப் பார்க்கலாம்.