மழைநீர் வடிகால் திட்டமிடுவோர் முகத்துவாரத்திலிருந்து தொடங்குங்கள்

மொட்டைமாடிக்குத் தளம் போடும் கொத்தனார், தண்ணீர் எந்த மூலையில் இறங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வாட்டம் கொடுப்பார். சென்னை போன்ற கடலோர நகரத்தில் வடிகால் திட்டங்கள் பலமுறை இதற்கு நேர்மாறாக நடக்கின்றன. எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறதோ அங்கே தோண்டத் தொடங்குகிறோம். அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வி பின்னால்தான் வருகிறது. தவறுகளில் பெரியது இதுதான்.

சென்னையின் மழைநீருக்குக் கடலில் சேரும் வாசல்கள் சில மட்டுமே: எண்ணூர், கூவம், அடையாறு, முட்டுக்காடு. புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்தால் இந்த வாசல்கள் நீரை வாங்கிக்கொள்ளாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையருகே மெதுவாக நகர்ந்தபோது அதுதான் நடந்தது. வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும், அது சேரும் ஆறோ கால்வாயோ நிரம்பி நின்றால் தண்ணீர் நகராது. சில இடங்களில் தெருவுக்கே திரும்பி வரும். ஆகவே வடிகால் முடியும் இடத்தின் அடிமட்டத்தை, உயர் ஓத (கடல் ஏறி நிற்கும்) நேரத்துக் கடல் மட்டத்தோடும் வெள்ளக்கால ஆற்று மட்டத்தோடும் முதலில் ஒப்பிட வேண்டும். தாழ்வாக இருந்தால் எதிர்நீர் புகாத கதவும் பம்பும் தேவை. அதைவிட முக்கியம், கடல் வழிவிடும் வரை நீர் காத்திருக்க ஒரு இடம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் செய்துவந்த வேலை அது. அதன் பெரும்பகுதியைக் கட்டடங்களுக்குக் கொடுத்துவிட்டு, இழந்ததைக் கான்கிரீட் பெட்டி வடிகால்களால் ஈடுகட்டலாம் என்று நம்புவது எனக்கு வேதனை தருகிறது.

இடையில் நீர்வழி குறுகும் இடங்களையும் மறந்துவிடுகிறோம். பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. சாலைக்கு அடியில் நீர் கடக்கும் ஒரு சிறிய கல்வெர்ட் போதும், அதற்கு முன்னால் கட்டிய பெரிய வடிகாலின் பயனைக் கெடுக்க.

மழையை நாள் கணக்கில் மட்டும் பார்ப்பதும் ஆபத்து. 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் சில மணி நேரத்திலேயே நகரம் முடங்கியது. வடிகாலின் அளவை முடிவு செய்வது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டுகிறது என்பதுதான்.

எல்லா மண்ணுக்கும் ஒரே தீர்வும் பொருந்தாது. வேளச்சேரியின் களிமண்ணில் வடிகால் அவசியம். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கத்து மணலோ மழையை உறிஞ்சி நிலத்தடியில் சேர்த்து, கடலின் உப்புநீரைத் தள்ளி வைக்கிறது. இந்தப் பகுதிக்கான கோவளம் வடிநில மழைநீர் வடிகால் திட்டத்தின்போது குடியிருப்போர் எதிர்ப்புத் தெரிவித்து பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது இதற்காகத்தான். அங்கே கான்கிரீட் வடிகால் போட்டால், நல்ல நீரைக் கடலுக்கு அனுப்பி, கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, கழிவுநீர் இணைப்புகள். சாக்கடை கலந்த வடிகாலில் வருடம் முழுவதும் சேறு படியும். மழை வரும்போது பாதி ஆழம்தான் மிஞ்சியிருக்கும். தூர்வார ஆகும் செலவையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.