ராத்திரியோடு ராத்திரியாக பேட்டரி எங்கே போகிறது?

எங்கள் வீடு ஊட்டிக்குப் பக்கம் தலைக்குந்தாவில். 1932லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மலைதான் இது, ஆனால் கம்பி மேல் சாய்கிற கற்பூர மரத்துக்கு அது தெரியுமா? அதனால்தான் சோலாரும் 51.2 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரியும் போட்டோம். நிறைந்தால் 5 யூனிட் சொச்சம் இருக்கும்.

போன டிசம்பரில் இரவு பத்து மணிக்கு 100 காட்டிய பேட்டரி, காலை ஆறுக்கு 38க்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் கரண்ட் கட்டே இல்லை. "பேட்டரி போச்சும்மா, மாத்தணும்" என்று போனிலேயே ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் பால் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். உங்களுக்கும் இப்படி ஆனால் நீங்களும் கணக்கில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

62 சதவீதம் என்றால் ஏறக்குறைய 3.2 யூனிட். எட்டு மணி நேரத்தில் போயிருக்கிறது, அதாவது சராசரி 400 வாட். பேட்டரி தானாக இவ்வளவு வேகமாக இறங்காது. எதுவோ இழுக்கிறது. வேறு விதமாகவும் இருக்கலாம், காட்டுகிற சதவீதமே பொய்யாக இருக்கலாம். ஆடி மாசத்து மூடுபனியில் வாரக்கணக்கில் பேட்டரி நிறையாமலே ஓடினால் அந்தக் கணக்கு தடம் மாறிவிடும்; 60இல் இருந்து திடீரென்று 8க்கு விழும். அப்படிக் குதித்தால் ஈபியில் ஒருமுறை முழுசாக ஏற்றி, சார்ஜ் கரண்ட் நன்றாகக் குறையும்வரை விட்டுவிடுங்கள். எனக்கு அப்படிக் குதிக்கவில்லை, சீராக இறங்கியது.

அடுத்து இன்வெர்ட்டர் செட்டிங். என்னுடையதில் 01ஆம் எண். அதில் எஸ்.பி.யூ. என்று இருந்தது: முதலில் சோலார், அப்புறம் பேட்டரி, கடைசியில்தான் ஈபி. ஈபி வந்துகொண்டிருக்கும்போதே பேட்டரியைத் தின்னும் செட்டிங் அது. சர்வீஸுக்கு வந்த தம்பி ரீசெட் செய்தபோது மாறியிருக்கிறது. கரண்ட் கட்டுக்காக மட்டும் பேட்டரி வைத்திருப்பவர்கள் எஸ்.யூ.பி. (முதலில் சோலார், அப்புறம் ஈபி, கடைசியில்தான் பேட்டரி) வைத்தால் போதும். சில இன்வெர்ட்டர்களில் நேரம் குறித்து பேட்டரியைப் பயன்படுத்தும் வசதி உண்டு; அங்கே கடிகாரம் சரியா என்றும் பாருங்கள்.

செட்டிங்கை உடனே மாற்றவில்லை. மாற்றியிருந்தால் திருடன் யாரென்று தெரியாமலே போயிருக்கும். டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர் ஒன்று இரவல் வாங்கினேன் (ஏசி மட்டும் அளக்கிறது இதற்கு உதவாது). வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியின் சிவப்பு வயரை மட்டும் அதன் வாய்க்குள் விட்டேன். ஒன்றரை ஆம்பியர். இன்வெர்ட்டர் சும்மா நிற்கவே 45 வாட் குடிக்கும், வைஃபைக்குக் கொஞ்சம். சரிதான், இதில் ஒன்றுமில்லை என்று மீட்டரை எடுக்கப்போனேன். உள்ளே எங்கோ 'டக்' என்றது. மீட்டரில் 22.

அதனால் கால் மணி நேரமாவது அசையாமல் பாருங்கள். தெர்மோஸ்டாட் உள்ள சாமான் எல்லாம் விட்டு விட்டுத்தான் இழுக்கும். எண் ஏறி நிற்கும்போது இன்வெர்ட்டர் லைன் போகிற பேக்கப் பெட்டியில் பிரேக்கரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கினால் எண் விழுகிறதோ அந்த அறைக்குப் போங்கள். எனக்கு மூன்றாவதில் விழுந்தது. அத்தை அறை. கட்டிலுக்கு எட்டுகிற ஒரே பிளக் டிவி பிளக். அதில் ஆயில் ஹீட்டர். "குளிருதே, என்னம்மா பண்றது?" என்றார். நியாயம்தானே, வெளியே புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது.

எல்லா பிரேக்கரையும் இறக்கிய பிறகும் எண் பெரிதாக நின்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்வெர்ட்டர் மூடியை நீங்கள் திறக்காதீர்கள்.

உறைபனி இன்னொரு வேலையும் செய்யும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக்கூடாது, அதற்குள் இருக்கிற பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் தடுத்துவிடும். தகர ஷெட்டில் வைத்திருந்தால், பளிச்சென்று வெயில் அடித்தும் காலையில் ஏறாது. ராத்திரி இறங்கிவிட்டது என்று நினைப்போம், உண்மையில் ஏறவே இல்லை. நாங்கள் வீட்டுக்குள், படிக்கட்டுக்குக் கீழே மாற்றிவிட்டோம்.

தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரி என்றால் கதை வேறு. ஆசிட் அடர்த்தி காட்டுகிற ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட 50 புள்ளி கீழே என்றால் அந்த செல் கெட்டது. ஆறுமே 1250க்கு வெகு கீழே என்றால் சார்ஜ் போதவில்லை. 25 டிகிரிக்குச் செய்த சார்ஜர், 5 டிகிரியில் 12 வோல்ட் பேட்டரிக்கு அரை வோல்ட் அளவுக்குக் குறைவாகவே கொடுக்கிறது. வெப்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் சார்ஜர் கேட்டு வாங்குங்கள். ஓரகத்தி வீட்டில் இது தெரியாமல் ரெண்டு பேட்டரி மாற்றினார்கள்.

அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் ஈபி லைனிலேயே தனியாக ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் போட்டாயிற்று. டிவி பிளக்கில் இப்போது டிவி மட்டும்தான்.