பரிசுத்தமாக வாழ வேண்டுமா? லேவியராகமம் 19-ல் தொடங்குங்கள்

உபவாசத்தைக் கூட்டினால், முழு இரவு ஜெபத்துக்குத் தவறாமல் போனால் பரிசுத்தம் தானாக வந்துவிடும் என்று பல வருடம் நினைத்திருந்தேன். இரண்டும் நல்லவைதான், விட்டுவிடாதீர்கள். ஆனால் வேதாகமத்தில் பேதுரு எழுதிய முதல் நிருபம் (1 பேதுரு 1:15) நம் நடக்கைகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பேசுகிறது, அதில் திங்கட்கிழமை காலையும் வரும்.

அடுத்த வசனத்தில் பேதுரு எடுத்துச் சொல்லும் "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்ற வார்த்தை பழைய ஏற்பாட்டுப் புத்தகமான லேவியராகமத்திலிருந்து வந்தது. அதன் 19-ஆம் அதிகாரமும் இதே அழைப்போடுதான் தொடங்குகிறது. மொத்தம் 37 வசனங்கள். ஒரு மாதம், தினமும் காலையில் வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன் இதை மட்டும் படியுங்கள். பரிசுத்தம் என்பதற்கான எபிரெயச் சொல் 'கதோஷ்', தேவனுக்கென்று பிரித்து வைக்கப்பட்டது என்ற பொருள் அதில் இருக்கிறது. அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் செய்ய வேண்டியது என்ன என்று பார்த்தால் கூலி, தராசு, கோள் சொல்வது, நரைத்த தலை என்று போகிறது அதிகாரம்! (இருவகை நூல் கலந்த துணி பற்றியும் ஒரு கட்டளை வரும், அதிலேயே நின்றுவிடாமல் உங்கள் போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

படித்ததில் ஒரே ஒரு வசனத்தை அன்றைக்கு எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்திருக்கும், மாம்பலத்தில் ஒரு பெரியவர் ஏறுவார், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். 32-ஆம் வசனம் நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திருக்கச் சொல்கிறது. எழுந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

என்னைக் குத்தியது 13-ஆம் வசனம். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு 1-ஆம் தேதி தர வேண்டிய சம்பளத்தை, பணம் கையில் இருந்தும், "நாளைக்குத் தரேன்க்கா" என்று 5, 6 தேதி வரை இழுத்திருக்கிறேன், அதே வாரம் சபையில் கையுயர்த்திப் பாடியும் இருக்கிறேன். அவர் ஒருநாளும் வாய்திறந்து கேட்டதில்லை. அந்த வசனத்தைப் படித்த அன்று ஜெபிக்கவே முடியவில்லை, முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம் 16-ஆம் வசனம், கோள் சொல்லித் திரியாதே. வீட்டு ஜெபக் கூட்டத்தில் "அந்தக் குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று ஆரம்பித்து, அந்தக் குடும்பத்தின் கதை முழுவதையும் சொல்லி முடிப்பது நம்மிடையே மிகச் சாதாரணமாகிவிட்டது. ஒருவருடைய பெயரை ஜெபக் குறிப்பாகச் சொல்லும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். 33, 34-ஆம் வசனங்கள் அந்நியனை உன்னைப்போல நேசி என்கின்றன. பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தம்பிகளை நினைத்துக்கொண்டு அவற்றைப் படியுங்கள்.

விழத்தான் செய்வீர்கள். நம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னித்துச் சுத்திகரிக்க அவர் உண்மையுள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு அன்றிரவே அறிக்கையிடுங்கள். 1 தெசலோனிக்கேயர் 5:23-ன்படி நம்மைப் பரிசுத்தமாக்குகிறவர் தேவன்தான், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகப் போராட வேண்டாம், உதவி கேளுங்கள். பாவம் இன்னொரு மனிதருக்கு எதிரானது என்றால் மறுநாள் அவரிடமும் போங்கள். பணம் தர வேண்டியிருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.