ஓசூர் ஷிஃப்ட், வீட்டுல மாடு, கொஞ்சம் நிலம்: ஒரு குடும்பத்தோட நேரத்தை பிரிச்சு வெக்கறது எப்படி

இது யாருக்குன்னு முதல்லயே சொல்லிடறேன். பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கம் சொந்த ஊர்லயே இருந்துக்கிட்டு கம்பெனி பஸ் ஏறி ஓசூர் சிப்காட்டுக்கு போயிட்டு வர்றவங்க, வீட்டுல ரெண்டு மாடு, கொஞ்சம் நிலம், ஸ்கூல் போற பசங்க, வயசான அப்பா அம்மான்னு இருக்கறவங்க, உங்களுக்குத்தான். நேரத்தை மிச்சம் பிடிக்கறது எப்படின்னு நெட்ல வர்ற டிப்ஸ் எல்லாம் ஒத்த ஆளு, ஒரு டேபிள், ஒரு லேப்டாப்னு நினைச்சு எழுதினது, நம்ம வீட்டுக்கு ஆகாது. இங்க கம்பெனி ஒரு நேரம் சொல்லும், மாடும் பயிரும் ஒரு நேரம் சொல்லும், ஸ்கூல் வேன் ஒரு நேரம் சொல்லும், எதுவும் இன்னொண்ணை கேட்டுக்கிட்டு வராது. நடுவுல மாட்டிக்கறது பெரும்பாலும் வீட்டு பொம்பளைங்கதான்.

முதல்ல ஒரு சார்ட் பேப்பர் வாங்கி தினசரி காலண்டர் பக்கத்துல ஒட்டுங்க. செல்போன்ல ஆப்பு போட்டா அது ஒருத்தர் கையில மட்டும்தான் இருக்கும், செவுத்துல இருந்தா ஆயா வரைக்கும் எல்லாரும் பாப்பாங்க. அதுல நாம ஆசைப்படற டைம்டேபிளை எழுதவே கூடாது, நம்மளால நகத்த முடியாத நேரத்தை மட்டும் எழுதணும். ஷிஃப்ட் 6 மணின்னு எழுதாதீங்க, பஸ் நம்ம ஸ்டாப்புக்கு வர்ற நேரத்தை எழுதுங்க, 4.15ன்னா 4.15. பால் சொசைட்டில அளக்கற நேரம் காலையும் சாயங்காலமும், மோட்டாருக்கு மும்முனை கரண்ட் விடற நேரம், ஒகேனக்கல் தண்ணி குழாயில வர்ற நாளும் நேரமும், ஸ்கூல் வேன், தக்காளி போட்டிருந்தா மண்டிக்கு போற வண்டி கிளம்பற நேரம். வீட்டு பெரியவங்க ராகு காலம் பாக்கறவங்கன்னா அதையும் எழுதிடுங்க, திங்கக்கிழமை 7.30-9, வெள்ளிக்கிழமை 10.30-12ன்னு. நீங்க நம்பறீங்களா இல்லையாங்கறது வேற பேச்சு, அந்த ஒன்றரை மணி நேரத்துல அப்பா விதைக்க கை வைக்க மாட்டாருன்னா அதுவும் நகராத நேரம்தான், டிராக்டரை வரச்சொல்லிட்டு வரப்புல நின்னு சண்டை போட வேண்டியதில்ல.

எல்லாத்தையும் எழுதி முடிச்சப்புறம் மிச்சம் எவ்வளவு இடம் இருக்குன்னு பாருங்க. நினைச்சதை விட கம்மியா இருக்கும், ஆனா இருக்கறது எங்க இருக்குன்னு கண்ணுக்கு தெரிஞ்சுடும்.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு. நம்ம நாட்டு கடிகாரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையை வெச்சு ஓடுது, அது ஆந்திராவுல காக்கிநாடா பக்கமா போகுது. தருமபுரி இருக்கறது 78 டிகிரியை ஒட்டி. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம்னு போட்டா நம்ம ஊர் உச்சிவெயில் சராசரியா 12.17 வாக்குலதான் வரும், கடிகாரத்துல 12 அடிச்சப்ப இல்ல. அதோட சீசனும் சேந்துக்கும், ஜூன் ஆரம்பத்துல 6 மணிக்கு முன்னாடியே சூரியன் வந்துரும், ஜனவரி கடைசில 6.40 தாண்டிடும். பஸ்ஸு கடிகாரத்தை பாத்து வருது, மாடும் பூப்பறிக்கற ஆளுங்களும் வெளிச்சத்தை பாத்து வர்றாங்க, அதனால வைகாசில சரியா ஓடின ஏற்பாடு தை மாசத்துல இடிக்கும். அந்த பேப்பரை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது புதுசா எழுதுங்க.

அடுத்தது ஒவ்வொரு வேலைக்கும் எதிர்ல யாரு பேருன்னு எழுதணும். இதை நிறைய வீட்டுல செய்யறதில்ல, ஏன்னா எழுதினா வெளிய தெரிஞ்சுரும். 2024-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க அதுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 289 நிமிஷம் குடுக்கறாங்க, செய்யற ஆம்பளைங்க 88 நிமிஷம். கிட்டத்தட்ட 5 மணி நேரத்துக்கு பக்கத்துல ஒன்றரை மணி நேரம். நம்ம வீட்டு காலை நேரத்தை மட்டும் எடுத்துக்குங்க. 4.15 பஸ்ஸுன்னா 3.30-க்கு அடுப்பு பத்த வெச்சாகணும், டீ, டிபன் பாக்ஸ். அவரு கிளம்பினதும் படுக்க முடியாது, சாணி வாரி, மாட்டுக்கு தண்ணி காட்டி, பால் கறந்து சொசைட்டிக்கு கொண்டு போகணும். திரும்பி வரும்போது குழாயில தண்ணி வந்திருக்கும், குடத்தை வரிசையா வெச்சுட்டு உள்ள ஓடி பசங்களை எழுப்பணும், ஒரு கையில தலை வாரி இன்னொரு கையில சாதம் கட்டி வேன்ல ஏத்தறப்ப 8 மணி. நாலரை மணி நேரம், ஒரு தடவை கூட உக்காரல. இதுக்கப்புறம்தான் அவங்களுக்கு நிலத்து வேலை, சில பேருக்கு மத்தியானம் 2 மணி ஷிஃப்ட்டே இருக்கு, இன்னைக்கு ஓசூர் பக்கம் கம்பெனிக்கு போறதுல பொண்ணுங்க நிறைய.

அதனால பேரு எழுதும்போது ஒரு ஆள் பேரு தொடர்ந்து மூணு கட்டத்துல வந்தா அதுல ஒண்ணை வேற ஆளுக்கு மாத்தியே ஆகணும்னு வெச்சுக்குங்க. செகண்ட் ஷிஃப்ட் வாரம் ஆம்பளை காலையில வீட்டுலதான இருக்காரு, அந்த வாரம் பால் ஊத்தறது அவரு பேர்ல போகட்டும். தண்ணி பிடிக்கறது எட்டாவது படிக்கற பையன் பேர்ல போகலாம், பொண்ணு பேருக்கு மட்டும் தள்ளாதீங்க. அத்தை உக்காந்த இடத்துல காய் அரிஞ்சு குடுக்கறேன்னா ராத்திரியே அரிஞ்சு வெக்க சொல்லுங்க, காலையில 20 நிமிஷம் மிச்சம். பாக்க சின்ன மாத்தம், ஆனா அந்த 20 நிமிஷத்துல ஒரு பொம்பளை உக்காந்து சூடா டீ குடிக்க முடியும்னா அது எனக்கு பெருசு.

நைட் ஷிஃப்ட் வாரம் தனி கதை, இதுக்குத்தான் வீடே சேந்து இடம் குடுக்கணும். ராத்திரி 10-லிருந்து காலை 6 வரைக்கும் நின்னுட்டு வர்றவரு வீடு சேர 8 ஆகும். பெரியவங்களுக்கு 7 மணி நேர தூக்கமாவது வேணும்னுதான் டாக்டருங்க சொல்றாங்க, பகல்ல அது ஒரே மூச்சுல கிடைக்காது, அதனால ரெண்டா பிரிச்சுக்குங்க, வந்ததும் சாப்பிட்டு 8.30-லிருந்து 1.30 வரைக்கும் ஒண்ணு, சாயங்காலம் 5-லிருந்து 7 வரைக்கும் ஒண்ணு. காலை வெளிச்சம் கண்ணுல பட்டா உடம்பு விடிஞ்சிடுச்சுன்னு முழிச்சுக்கும், பஸ்ல ஸ்கிரீனை இழுத்து விட்டுட்டு வாங்க. டீ குடிச்சா அதுல இருக்கற காஃபீன் பாதியா குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால கடைசி டீ விடிகாலை 2 மணிக்கு முன்னாடி முடிஞ்சுரட்டும். சிமெண்ட் ஷீட் வீடுன்னா மேற்கு பக்கம் இருக்கற ரூம்ல படுங்க, முற்பகல்ல அந்தப்பக்கம் செவுரு சூடேற நேரமாகும். அந்த 5 மணி நேரத்துக்கு மிக்ஸி, சீரியல், விருந்தாளி எதுவும் அந்த ரூம் பக்கம் வேண்டாம், சொந்தக்காரங்க போன் பண்ணா வீட்டுல வேற யாராவது எடுத்து பேசட்டும். பகல்லதான சும்மா படுத்திருக்கான், பேங்க்கு வரைக்கும் போயிட்டு வரச்சொல்லுன்னு யாரு சொன்னாலும் விட்டுக்குடுக்காதீங்க. விடிகாலை 3-லிருந்து 5 வரைக்கும்தான் உடம்பு ரொம்ப சொருகும், தூக்கம் பத்தாதவன் மெஷின் பக்கத்துல நிக்கறான், அப்புறம் ஸ்டாப்புல இருந்து வண்டி ஓட்டிக்கிட்டு ஹைவே ஓரமா வீட்டுக்கு வர்றான். ஷிஃப்ட் மாத்திக் கேக்க வாய்ப்பு இருந்தா காலை, அப்புறம் மத்தியானம், அப்புறம் நைட்டுங்கற வரிசையில கேளுங்க, பின்னோக்கி போறதை விட உடம்பு அதுக்கு சீக்கிரம் பழகும்.

அளவு போடறதை பத்தி சுருக்கமா சொல்லிடறேன். தருமபுரி போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்னு கிளம்பறோம், மத்தியானம் வந்து சேர்றோம். எல்லா ஊர் மனுஷனும் இப்படித்தான், 1979-லயே கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு மனோதத்துவ ஆய்வாளருங்க இதுக்கு பேரே வெச்சு எழுதியிருக்காங்க, எல்லாம் நல்லபடியா நடந்தா எவ்வளவு நேரம் ஆகுமோ அதையே கணக்கா எடுத்துக்கறோம்னு. மருந்து ரொம்ப சுலபம், இந்த தடவை எவ்வளவு ஆகும்னு யோசிக்காம போன மூணு தடவை எவ்வளவு ஆச்சுன்னு வீட்டுல இருக்கறவங்களை கேளுங்க, அந்த நேரத்தை எழுதுங்க. தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி ரெண்டுக்கும் பாதி நாள்னே போட்டுக்குங்க.

லீவை எப்ப எடுக்கறதுங்கறதுலதான் நிறைய வீடு நஷ்டப்படுது. எல்லா நாளும் ஒரே விலை கிடையாது. பட்டுப்புழு வளக்கறவங்களுக்கு இது நல்லா தெரியும். முட்டை பொரிச்சு கூடு கட்டப்போற வரைக்கும் சுமார் 25 நாள், ஆனா புழு தின்னற மொத்த தழையில அஞ்சுல நாலு பங்குக்கு மேல கடைசி பருவத்துல, அந்த ஒரு வாரத்துலதான் போகும். நாலாவது தோலுரிச்சு எழுந்ததும் ஷெட்டுக்குள்ள நின்னா மழை பெய்யற மாதிரி சத்தம் கேக்கும், ராத்திரி பகல்னு பாக்காம தழை அறுத்து போடணும், அப்புறம் எல்லா புழுவும் ஒரே நேரத்துல பழுக்க ஆரம்பிக்கும், அதாவது கூடு கட்ட தயாராகிடும், பொறுக்கி சந்திரிகைல, அதான் கூடு கட்டற தட்டுல, விடணும். கூட்டை அவசரப்பட்டு அறுத்தா உள்ள புழு நசுங்கி கறை பட்டுரும், லேட்டானா பூச்சி ஓட்டை போட்டுட்டு வெளிய வந்துரும், தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு கொண்டு போய் பிரயோஜனம் இல்ல. முட்டை பொரிச்ச அன்னைக்கே அதுல இருந்து எண்ணி 18-லிருந்து 26-வது நாள் வரைக்கும் காலண்டர்ல வட்டம் போட்டு, கம்பெனில லீவு அந்த வாரத்துக்கு சொல்லி வெச்சுருங்க. மாங்கா காடு வெச்சிருக்கறவங்களுக்கு ஜூன், ராகிக்கு அறுவடை வாரம், பசங்க இருக்கற வீட்டுக்கு மார்ச் பரீட்சை. இந்த வட்டத்துக்குள்ள வர்ற காதுகுத்து, கெடா விருந்துக்கு வீட்டுல இருந்து ஒருத்தர் போய் மொய் எழுதிட்டு வந்தா போதும், தப்பா யாரும் நினைக்க மாட்டாங்க, எல்லார் வீட்டுலயும் அதே நிலமைதான்.

கடைசியா ஓசூர்லயே ரூம் எடுத்து தங்கலாமாங்கற கேள்வி. இதை மனசுல போட்டு குழப்பாம கணக்கு போடுங்க. மாசம் 18000 சம்பளம், 26 நாள், 8 மணி நேரம்னா ஒரு மணிக்கு 86 ரூபாய் சொச்சம். ஆனா போக வர தினம் மூன்றரை மணி நேரம் ஆகுதுன்னா நீங்க உண்மையில குடுக்கறது பதினொன்றரை மணி நேரம், மணிக்கு 60 ரூபாய்தான் வருது. ரூம் எடுத்தா வாடகை 5000ன்னு வெச்சுக்குவோம், பயணம் ஒரு மணி நேரமா குறையும், மாசத்துக்கு 65 மணி நேரம் மிச்சம், அதாவது ஒவ்வொரு மணி நேரத்தையும் 77 ரூபாய் குடுத்து வாங்கறீங்க, சாப்பாட்டு செலவு சேக்காமயே. அந்த 65 மணி நேரத்துல ஓ.டி. பாக்கறீங்க, சட்டப்படி ரெண்டு மடங்கு சம்பளம் குடுக்கறாங்கன்னா லாபம். டிப்ளமோ படிக்கறீங்கன்னா அதுவும் சரி. ரூம்ல படுத்து ரீல்ஸ் பாக்கத்தான்னா ஊர்லயே இருங்க, பஸ்ல தூங்கிட்டு வாங்க. ஆனா ஊர்ல இருக்கறதுக்கு ஒரு விலை ரூபாய்ல வராது, பொழுது சாய்ஞ்சப்புறம் அப்பா கூட களி சாப்பிடறது, பொண்ணு நோட்டை கொண்டு வந்து காட்டறது, அதை எழுத தனி கட்டம் போட்டுக்குங்க, அதுக்கு எத்தனை மணி நேரம் குடுக்கப்போறீங்கன்னு வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டே முடிவு பண்ணுங்க.

கம்பெனில புது ரோஸ்டர், அதாவது ஷிஃப்ட் லிஸ்ட், வர்ற அன்னைக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரும் பேப்பர் முன்னாடி பத்து நிமிஷம் உக்காருங்க, பென்சில்லயே எழுதுங்க, பஸ் ரூட்டோ கரண்ட் விடற நேரமோ மாறினா அழிச்சு எழுத வசதியா இருக்கும்.